பாதிப் பூ

நெவா ஆற்றிலிருந்து மூன்று தெரு உள்ளே,
நாலாம் மாடி, பதினோராம் எண்.
வீட்டுக்காரர் இல்லாரியோனுக்கு
எல்லாம் வெள்ளையாக வேண்டுமாம்.
வெள்ளைச் சுவர், வெளிறிய மரம், ஒரே ஒரு செடி.
"ஸ்வீடன்காரன் வீடு மாதிரி" என்கிறார்.
ஸ்வீடனுக்குப் போனதில்லை.
வரைபடம் போட வந்தவள் நான்,
வாடிக்கையாளரை மறுத்துப் பேசுவதில்லை.

முதலில் பொய்க்கூரை.
தொண்ணூறுகளில் எல்லோரும் போட்டது:
பிளாஸ்டிக் பலகை, பதித்த குட்டி விளக்குகள்,
ஐரோப்பா வந்துவிட்டது பார் என்று
அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டிய கூரை.
துஷான்பேயிலிருந்து வந்த குஷ்பக்த்
கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பினான்.
முப்பது வருடத் தூசி எங்கள் தலையில்.
செத்த ஈக்கள், ஒரு லாட்டரிச் சீட்டு,
பிறகு
பூ.

சாந்தில் செய்த அல்லி.
சுண்ணாம்பு அடித்து அடித்து
இதழெல்லாம் கொழுத்துப்போயிருந்தது.
நீளக் காம்புகள் வளைந்து நெளிந்து
மையத்தை நோக்கி ஓடிவந்து
மையத்துக்கு ஒரு விரல் முன்னால்
சுவரில் முட்டி நின்றன.

பழைய வரைபடத்தில் அந்தச் சுவரே இல்லை.
ஐந்து ஜன்னல் நீளத்துக்கு ஒரே கூடம்,
தானிய வியாபாரி ஒருவரின் வரவேற்பறை.
பியானோவுக்கு ஒரு மூலை,
தொட்டிப் பனைக்கு ஒரு மூலை.
பிறகு புரட்சி.
மூட்டை முடிச்சோடு ஆட்கள் வந்தார்கள்,
தலைக்கு இத்தனை சதுர மீட்டர் என்று
தடுப்புச் சுவர் எழும்பியது.
எழுப்பியவனுக்குத் தரையில்தான் கணக்கு.
அண்ணாந்து பார்க்க அவனுக்குக் கூலி இல்லை.

தரைக்கு வந்தோம்.
மேலே லினோலியம், அறுபதுகளின் பழுப்பு;
குச்சிக்கால் மேசை நின்ற நாலு குழி
இன்னும் அதில் இருந்தது.
உரித்தால் ஓக் மரம்,
மீன்முள் போல அடுக்கியது,
கதவோரம் ஏழு வரிசை மட்டும்.
மற்ற இடமெல்லாம் கரடுமுரடான பைன் பலகை.

முற்றுகைக் குளிர்காலம்.
முதலில் பியானோ மூடி எரிந்திருக்கும்,
பிறகு அலமாரி, பிறகு நாற்காலிகள்,
அப்புறம் காலடியில் இருந்ததையே
பிடுங்கிப் பிடுங்கி அடுப்பில் போட்டார்கள்.
இந்த அலங்காரத்துக்கு என்ன பெயர்?
என் கல்லூரிப் புத்தகத்தில்
பரோக்குக்கு நாற்பது பக்கம், இதற்கு ஒன்றுமில்லை.
ஏழு வரிசையோடு ஏன் நிறுத்தினார்கள்?
வெயில் வந்ததா,
எரிக்க ஆள் இல்லாமல் போனதா,
மரம் சொல்லவில்லை.

பூவின் மறுபாதி தைசியாவுடையது.
டிராம் ஓட்டுகிறாள். இரவுப்பணி முடிந்த கண்ணோடு
"பூட்ஸைக் கழற்று" என்று கதவைத் திறந்தாள்.
அவள் பக்கத்து இதழ்களுக்கு வான்நீலம்.
சரவிளக்குக் கொக்கி முழுசாக அவள் பங்கில்;
அதில் துணிக்கொடி, கொடியில் ஈரச் சீருடை.
மூன்று இதழ் மட்டும் கரிக்கறுப்பு.
"எத்தனை தடவை அடித்தாலும்
இங்கே மட்டும் மேலே வந்துவிடுகிறது.
என்ன அழுக்கோ, போ."
கீழே தரையில் வட்டமாக ஒரு தீய்ந்த தடம்.
அடுப்பு நின்ற இடம்.
நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.
"உன் ஆளை வாங்கிக்கொள்ளச் சொல்,
பதினெட்டு சதுர மீட்டர். பூ இலவசம்"
என்று கொட்டாவி விட்டாள்.

திரும்பி வந்தால் குஷ்பக்த் ஏணிமேல்.
இல்லாரியோன் வாங்கியனுப்பிய ஆளுயரக் கண்ணாடியைக்
கூரையோடு ஒட்டித் தடுப்புச் சுவரில் பிடித்திருந்தான்.
"அக்கா, அங்கேயிருந்து பாருங்கள்."

பூ முழுசாகிவிட்டது.
வெள்ளை, ஒரே அளவு, கறையில்லை.
போட்டோ அனுப்பினேன்; நொடியில் பதில்:
"பிரமாதம். அப்படியே வையுங்கள்."

வரைபடத்தில் குறித்தேன்:
கண்ணாடி ஒன்று, இரண்டு மீட்டர் பத்து.
குறித்த பிறகு மறுபடி நிமிர்ந்து பார்த்தேன்.
காம்புகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன,
நடுவில் கொக்கிக்கு இடமே இல்லாமல்.
சுவருக்கு அந்தப் பக்கம்
சீருடையிலிருந்து தண்ணீர்
கிண்ணத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.