உள்வட்டம்

சாண்டாமில் மழை நாளில் காற்றே கொக்கோவாய் மணக்கும்.
இசைத்தட்டு ஆலைக்குள் மட்டும்
சூடான பிளாஸ்டிக்கின் நாற்றம்.

என் வேலை கேட்பது.
ஐந்நூறு தட்டுக்கு ஒன்றை உருவி
முள்ளை ஓரத்தில் அல்ல,
நடுச்சீட்டை ஒட்டி இறக்குவேன்.
பிழை பதுங்குவது அங்கேதான்.
வட்டம் சுருங்கச் சுருங்க
'ஸ்' என்னும் ஒலி இடம் போதாமல்
எண்ணெயில் விழுந்த கடுகாய்ப் பொரியும்.

எழுபத்திரண்டின் கோடை முழுக்க
அந்த நால்வர்தான்.
சோப்பு உறையில்கூட அவர்கள் முகம்.
முதல் பக்கத்து முதல் பாட்டைப்
பால்காரன் சீட்டியடித்தான்,
பாதிரியார் கண்டித்தார்,
என் தங்கை ஹில்யே அதற்காக முடி வெட்டிக்கொண்டாள்.
எனக்கு வாய்த்ததோ
இரண்டாம் பக்கத்தின் கடைசி,
'ஈரச் செங்கல்'.
அதிலும் கடைசி நாற்பது நொடி.

டிரம்மர் எழுதியதாம். அவர் எழுதியது அது ஒன்றே.
குரலும் அவருடையதே, சுருதிக்குச் சற்றுக் கீழே,
குளிர்ந்த குளத்தில் கால் வைக்கத் தயங்குபவன் போல.
ஓர் ஆர்மோனியம் மூச்சிழுக்கும்.
ஒரு நாற்காலி கிறீச்சிடும்.
பிறகு முள் சுற்றும் வெற்று ஒலி.

நாளைக்கு அறுபது முறை.
எனக்கு ஆங்கிலம் அரைகுறை.
யாரும் கதவைத் தட்டவில்லை என்றுதான்
முடிகிறது என நினைக்கிறேன்.
மேற்பார்வையாளன் ஷூர்டிடம் கேட்டேன்.
'கீறல் உண்டா, இல்லையா வீட்ஸ்கே?' என்றான்.
இல்லை.

முப்பது ஆண்டு கழித்து ஆம்ஸ்டர்டாம் படகில்
மிதிவண்டியைப் பிடித்தபடி ஒருவர் முனகினார்.
மெட்டு எனக்குத் தெரியாதது.
அந்தத் தயக்கம் தெரிந்தது.

வானொலியில் இரவுப் பணி பார்த்தவராம்.
மூன்று மணிச் செய்திக்கு முன்
மிஞ்சும் நிமிடத்தை இந்தப் பாட்டால் அடைப்பாராம்.
மணி அடித்ததும் ஒலியை இறக்கிவிடுவார்.
'முடிவு எப்படி?' என்று கேட்டார்.

பாடிக் காட்டினேன். நாற்காலியையும் விடவில்லை.
தொடக்கத்தை அவர் பாடினார்.
நடுவில் என்ன என்பது
இருவருக்கும் தெரியாது.
படகு கரை தட்டியது.
பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

ஆலை மூடிய நாளில்
ஆளுக்கொரு தட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.
அதைத்தான் எடுத்தேன்.
மேசைவிரிப்புகளுக்கு அடியில் கிடக்கிறது.
முழுதாய்க் கேட்க மூன்று நிமிடம் போதும்.

முள்ளை மாற்ற வேண்டும் என்று
ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிக்கொள்கிறேன்.