பன்னிரண்டாம் மணி

எர்சுரூமில் பனி ஜன்னல் விளிம்புவரை ஏறிவிட்டது.
உறைக்குள் இருப்பது எனக்குத் தெரியாது:
மெவ்லூதேயின் நரம்பை மரக்க வைத்த ஊசி
விலாவோரம் நுழைந்ததா,
முதுகுத் தசைக்கு அடியிலா.
தெரியக் கூடாது. ஆய்வின் விதி.
கேட்பது மட்டும் என் வேலை:
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள், எவ்வளவு வலி?

இரண்டாம் மணியில் இரண்டு என்றாள்.
ஆறாம் மணியிலும் இரண்டு.
சர்க்கரைக் கட்டியைப் பல்லில் இடுக்கித்
தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்த துர்சுன்
"வலிக்கிறதென்று இவள் சொன்னதே இல்லை, டாக்டர்"
என்று மீசையைத் துடைத்தார்.

பன்னிரண்டாம் மணியில்
அவர் புகைக்கப் போயிருந்தார்.
மெவ்லூதே கதவைப் பார்த்தாள்.
போர்வைக்கு மேல் ஒரு கையை முழுதாக விரித்தாள்,
மறு கையில் மூன்று விரல்.
"காலையிலிருந்து இருமலை விழுங்குகிறேன்."

மார்ஃபின் ஏற்றினேன்.
கட்டத்தில் எட்டு.
அந்த இரண்டு இரண்டுகளை
என்ன செய்ய?
பேனாவால் எழுதியவை.

பனி உருகியதும் உறைகளைப் பிரிப்போம்.
விலாவா முதுகா,
திரையில் கோடுகள் ஓடும்.
அவளுடையது பன்னிரண்டில் சட்டென நிமிரும்.
யாராவது குச்சியால் தொட்டுக் காட்டுவார்கள்:
பாருங்கள்,
இங்கேதான் மருந்து தீர்கிறது.