உறுதியில் இல்லாதது

உறுதியில் எல்லாம் இருக்கிறது:
வடக்கே பிரதான வீதி,
கிழக்கே மர்ஹூம் உதுமாலெவ்வையின் வாரிசுகளின் வளவு,
தெற்கே தோணாவுக்கு இறங்கும் ஒழுங்கை,
மேற்கே வில்வரெத்தினத்தின் பாமசிச் சுவர்.
இருபத்தொரு பேர்ச்சஸ்.
கிணறு ஒன்று, தென்னை நாலு,
அதில் ஒன்று இப்போது இல்லை.
நொத்தாரிசு மூச்சு விடாமல் வாசித்தார்.
நான் கையெழுத்துப் போட்டேன்.

கேற்றுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம்
இடுப்பளவு உயரத்தில்
சிவப்பாய் நின்ற ஹைட்ரன்டை
அவர் வாசிக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஏழு வருசம்
அதில் ஆதம்பாவா குடை கொழுவினான்.
பொதி இறக்கும் பொடியன்மார்
சாய்ந்து நின்று போன் பேசினார்கள்.
நோன்புக்கால யாவாரத்தில்
சாறன் கட்டுகள் அதை முழுக்க மூடின.
பின்னுக்கு எடுத்த லொறி ஒன்று முட்டி
கொஞ்சம் சரித்தும் விட்டது.
பித்தளை மூடி இரண்டையும் கழற்றி
யாரோ பழைய இரும்புக்குப் போட்டிருந்தார்கள்,
எந்த வருசமென்று தெரியாது.
சங்கிலி மட்டும் தொங்கியது,
மாட்டை விற்ற வீட்டில் கயிறு தொங்குவது போல.

கல்முனை மாநகர சபையிலிருந்து வந்த புவிராஜசிங்கம்
தேத்தண்ணி வேண்டாம் என்றார்.
"றோட்டில நிக்கிறது எங்கட.
கேற்றுக்கு உள்ள நிக்கிறது உங்கட."
"நான் வைக்கல்லையே."
"கிணறும் நீங்க வெட்டல்ல."

சுற்றிவர மூன்றடி வெளி.
வால்வுக்கு எண்ணெய்.
வருசத்துக்கு ஒருக்கா திறந்து ஓடவிட்டு
அமுக்கம் பார்த்து எழுதி வைக்கவேணும்.
பழுதென்றால் அன்றைக்கே அறிவிக்கவேணும்.
கடதாசியின் அடியில்
எனக்கென்று ஒரு கோடு.

போட்டிருக்கலாம்.
"பரீட்சிக்கப்பட்டது" என்ற கட்டத்தில் சரி போட
பேனைக்கு ஒரு நொடி.
எனக்கு விற்ற தாவூத் ஹாஜியாரும் போட்டிருக்கிறார்,
பழைய கோப்பில் பார்த்தேன்:
அழகான கையெழுத்து, தொடர்ந்து நாலு வருசம்,
ஒரே மையில்.

தீக்கு உறுதி வாசிக்கத் தெரியாது என்றெல்லாம்
எனக்குப் பெரிதாய் ஒன்றும் தோன்றவில்லை.
தோன்றியது மேல்மாடி:
பொலியெஸ்டர், பிளாஸ்டிக் உறை,
பெருநாளைக்கு வந்த பிள்ளைச் சட்டைகள்,
இரவில் அங்கேயே தூங்கும் மூன்று பொடியன்மார்,
கள்ளனுக்குப் பயந்து நான் யன்னலுக்குப் போட்ட கம்பி.

கோகுலராஜ் முப்பத்திரண்டாயிரம் கேட்டான்.
முப்பதுக்கு இறங்கினான்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து,
நாலு பேர் தொங்கித்தான் வால்வு அசைந்தது.
முதலில் ஒரு இருமல்.
பிறகு காற்று.
பிறகு பிளேன்ரி நிறத்தில் துருவும்
செத்த பல்லி ஒன்றும்.
பிறகுதான் தண்ணீர்,
கேற்றைத் தாண்டி வீதிக்கு.

வில்வரெத்தினம் சாறனை மடித்துக்கொண்டு வந்தார்.
கையில் இரண்டு வாளி.
"ஒரு கிழமையா எங்கட பைப்பில நூல்மாதிரி வருது.
நீங்க றோட்டைக் கழுவுறீங்க."

கோகுலராஜ் மானியைப் பார்த்து இலக்கம் சொன்னான்.
சீஆர் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினேன்:
திகதி. அமுக்கம்.
பழுது: சரிவு, நிமிர்த்தவேணும்.
கையெழுத்து
வழமையைவிடச் சின்னதாய் விழுந்தது.

வால்வைப் பூட்டி, வாளி நிறைந்த பிறகும்
அவர் போகவில்லை.
சுவரைப் பார்த்தார். சிவப்பைப் பார்த்தார்.
திரும்பவும் சுவரை.
"எங்கட பக்கம் பத்தினா
இது அங்கால வருமா?"

புவிராஜசிங்கத்தின் கடதாசியில்
அப்படி ஒரு கட்டம் இல்லை.

புது ஹோஸின் சுருளை அவிழ்த்தோம்.
கேற்றால் வெளியே,
கானுக்கு மேலால்,
இரண்டு வாளிக்கும் நடுவால்,
அவருடைய வாசல் ஏறி, மேசையைச் சுற்றி உள்ளே.
மருந்துக் களஞ்சியத்தின் கதவுக்கு
ஒன்றரை மீற்றர் இருக்க
முடிந்துவிட்டது.

அந்த வெறுந்தரையை அவர் காலால் அளந்தார்.
நானும் அளந்தேன்.
குடையை இனி எங்கே கொழுவுவதென்று
வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான் ஆதம்பாவா.