மூன்று நாற்பது

எனக்கு நடந்தது கோயிலில் இல்லை.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில், இரவு ஷிப்டில்,
கண் மட்டும் தெரியும் வெள்ளை உறைக்குள்
மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தபோது.

சில்லு ஒன்றைத் தள்ளி அடுத்ததை வைத்தேன்.
வைத்த கை என்னுடையதாகத் தெரியவில்லை.
பயமில்லை. ஒளி கிளி ஒன்றும் இல்லை.
ஏர்கான் இரைந்துகொண்டுதான் இருந்தது,
ஆனால் அது இரைச்சலாக இல்லை.
தரையின் துளைகள், ரொஹானாவின் இமை,
எவரோ ஒட்டிய 'ஓடாதீர்' அறிவிப்பு,
எல்லாம் என்னைப் பல காலம் தெரிந்தவைபோல்
திரும்பிப் பார்த்தன.
கடிகாரத்தில் மூன்று நாற்பது.
வெகுநேரம் கழித்துப் பார்த்தேன்,
மூன்று நாற்பதுதான்.

அவ்வளவுதான்.
சொல்லச் சொல்ல
கொஞ்சம் சிந்திவிடுகிறது.

அண்ணன் குணாளனுக்கு வருஷா வருஷம் வரும்.
முதுகில் கொக்கி, நாக்கில் வேல்,
உறுமி அதிர, கூட்டம் வழிவிட,
தண்ணீர்மலைப் படியெல்லாம் அவனுக்குச் சாட்சி.
அவனிடம் சொன்னேன்.
"உறுமி இல்லாமலா?" என்றான்.
கேலி இல்லை. நிஜமாகவே கேட்டான்.

குருக்கள் நட்சத்திரம் கேட்டார்,
நேர்த்திக்கடன் பாக்கி உண்டா என்றார்.
கம்பெனி டாக்டர் இரும்புச்சத்து குறைவு என்றார்.
உண்மை, குறைவுதான்.
மூன்று மாதம் மாத்திரை விழுங்கினேன், இரும்பு ஏறியது.
அந்த நிமிஷம் மட்டும் இறங்கவில்லை.

சூராவிலிருந்து ஈரக் கையோடு வந்த ரொஹானாவிடம்
பாதி சொன்னேன்.
அவள் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து
என் பக்கம் தள்ளினாள்.
அவள் கண் கலங்கியது சம்பலாலா என்று
இன்றுவரை தெரியாது.

பதினாலு வருஷமாக என் வேலையே சந்தேகப்படுவது.
மயிரிழைக் கீறலுக்கும் கழித்துவிடுவேன்.
ஒருமுறை மட்டும் தெரிவதை நம்பாதே,
திரும்பத் தெரிய வேண்டும்,
இன்னொரு கண்ணும் பார்க்க வேண்டும்
என்றுதான் பழக்கினார்கள்.
திரும்பத் தெரியவில்லை.
அதற்காகவே காத்திருந்த இரவுகளில்
நல்ல சில்லுகளையும் கழித்தேன்.
சூப்பர்வைசர் ஊய் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்.

அதனால் நான் நல்லவளாகிவிடவில்லை.
நாத்தனாரோடு இன்னும் பேச்சில்லை.
ஆனால் சன்னிதியில் முன்பெல்லாம் பட்டியல் வாசிப்பேன்:
கார் தவணை, மகனின் கணக்குப் பாடம், இடுப்பு வலி.
இப்போது வாயெடுத்தால்
பதில் சொல்லிவிட்டு எவரோ கிளம்பிப் போன அறைக்குள்
தாமதமாக நுழைந்தவள்போல் நிற்கிறேன்.
இருக்கை இன்னும் சூடாக இருக்கிறது.
அதை நம்பிக்கை என்று சொல்லலாமா, தெரியவில்லை.

இந்தத் தைப்பூசத்தன்று,
மலைமேல் கொக்கிகளைக் கழற்றும்போது
குணாளன் குப்புறக் கிடந்தபடி கேட்டான்:
"அன்னைக்கு உனக்குச் சத்தம் கேட்டுச்சா?"
ஏர்கான், என்றேன்.
"கேட்டும் கேக்காத மாதிரி?"
ஆமாம்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வாங்கினான்.
"எனக்கும் ஒரு வருஷம், கடைசிப் படியில, உறுமி அப்படி ஆச்சு.
ஒரே ஒரு வருஷம்.
மத்த வருஷமெல்லாம்
அதைத் தேடித்தான் ஏறுறேன்."

எந்த வருஷம் என்று கேட்கவில்லை.
கொக்கி கழன்ற இடங்களில் விபூதி அழுத்தினேன்.
பதினாறு இடம்.
வெயில் சாய ஆரம்பித்திருந்தது.
ஷிப்ட் வேன் ஆறரைக்கு.