செவிட்டுத் திசை

பதினேழாம் முறையாக ஊளையிட்டது.
ஊளை என் சொல்; காதுக்கு ஒன்றும் கேட்காது.
திரையில் ஒரு முள்,
ஐந்து கிகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே,
யாரும் கூப்பிடாமல் எழுந்து நின்றது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஜன்னல் குறைவு.
மழை பெய்ததை
வண்டி நிறுத்துமிடத்துக் குட்டையில்தான் படிப்போம்.

நான் கட்டுவது ஒரு பெருக்கி.
தமிழில் பெருக்கினால் குப்பை போகும்.
இதுவோ குப்பையையும் சேர்த்துப் பெருக்கும்,
தன் பங்குக்குக் கொஞ்சம் தூசியும் போடும்.
முதல் படியில் விழுந்த தூசியைப்
பின்னால் வரும் எந்தப் படியாலும்
கூட்டித் தள்ள முடியாது.
அதனால்தான் முதல் டிரான்சிஸ்டருக்கு முப்பது ரிங்கிட்,
இரண்டாவதற்கு நான்கு.

அதற்கும் முன்னால், மொட்டைமாடியில்,
நான்கு தகடுகளில் ஓர் ஆன்டெனா.
கழுத்து இல்லை, ஆனால் திரும்பும்.
ஒரு தகட்டைத் தாமதித்து, ஒன்றைத் தணித்து,
நான்கையும் கூட்டினால்
ஏதோ ஒரு திசை தன்னைத்தானே தின்றுவிடும்.
மலைக்கோபுரம் இரைந்தால் அந்தப் பக்கம் செவிடு.
தெலுக் கும்பாரில் ஆடும் படகின்
முணுமுணுப்பு மட்டும் மிஞ்சும்.
இமைப்பதற்குள் கற்றுக்கொள்கிறது.

எனக்கு ஒரு வாரம் ஆனது.

என் கோபுரம் டெக் செங், அடுத்த மேசை.
பாலிக் பூலாவ் டுரியான் விலை,
பாலத்தில் நெரிசல், முழங்கால்,
கல்யாணத்துக்கு வராத மைத்துனன்,
மறுபடி முழங்கால்.
காலை எட்டரை முதல் இடைவிடாத ஒலிபரப்பு.
இடப்பக்கம் நாற்பது டிகிரியில் ஒரு பள்ளம் வெட்டினேன்.
தலை ஆடும், "அப்படியா" என்று வாய் சொல்லும்,
உள்ளே ஒரு துளி இறங்காது.
நல்ல வடிவமைப்பு. பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று வாரம்.
மேசைமேல் திறந்து அளந்தால் பெருக்கி பரம சாது.
பெட்டியில் மூடி மாடிக்கு ஏற்றினால் ஊளை.
மின்தடையை மாற்றினேன்.
பொருத்தக் கோட்டில் அரை மில்லிமீட்டர் சுரண்டினேன்.
தரைக்குப் போகும் துளைகள் இன்னும் பன்னிரண்டு.
ஸ்மித் வரைபடத்தின் வட்டங்கள்
தூக்கத்திலும் சுற்றின.

வெள்ளி மாலை, பையைத் தோளில் மாட்டியபடி
நோர்ஹயாத்தி கேட்டாள்:
"மூடிக்குள்ளே நுரை ஒட்டிப் பார்த்தியா மலர்?
டெக் செங் அன்னைக்கே சொன்னாரே."
எப்போது?
"முதல் நாளே. மைத்துனன் கதைக்கு நடுவுல."

மூடி. தாழ்வான, பளபளப்பான, நான் வரைந்த மூடி.
வெளிவாசலில் போன அலை அதில் மோதி
உள்வாசலுக்கே ஓடி வந்திருக்கிறது.
தன் குரலைத் தானே கேட்டு,
கேட்டதைப் பெருக்கி,
பெருக்கியதைக் கேட்டு.

கட்டைவிரல் அகலத்துக் கறுப்பு நுரை.
ஒட்டினேன், மூடினேன்.
முள் படுத்துவிட்டது.

மறுத்த திசையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று
ஆன்டெனா கேட்பதில்லை.
கோபுரத்துக்கு நேர்கோட்டில் ஒரு படகு வந்தால்
அதுவும் போச்சு.
அறிக்கையில் இதற்கு ஒரு வரி உண்டு:
"ஏற்கத்தக்க இழப்பு."
எழுதியது நான்தான்.

திங்கள் காலை. கோப்பி-ஓ இரண்டு பொட்டலம் வாங்கினேன்,
ஒன்றை அவர் மேசையில் வைத்தேன்.
டுரியானில் தொடங்கிப் பாலம் ஏறி
முழங்காலுக்கு வந்தார்.
"எந்தக் கால்?" என்றேன்.

நிறுத்திவிட்டார்.
மூன்று வாரத்தில் முதல் அமைதி.
குளிர்சாதனத்தின் இரைச்சல்
அப்போதுதான் எனக்குக் கேட்டது.

"வலது" என்றார்.
பிறகு, ஜன்னலில்லாத சுவரைப் பார்த்து,
"மழை வருது. குடை இருக்கா?"