வண்டிச் சத்தம்

புதுவயல் மில் ரோட்டில்
பழைய இரும்பு எடைக்கு எடுக்கிறவன் நான்.
எடையில் அடிப்பான் என்று
கடை திறக்கும் முன்பே பேர் வாங்கிவிடுகிற தொழில்.
அதற்காகவே ஒரு மின்தராசு வரவழைத்தேன்.
விலை ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்பது.
கொண்டுவரும் கூலி
தனியாக நூற்றிருபது.

சேவுகன்தான் பைக்கில் கட்டிக் கொண்டுவந்தான்.
பிரித்து, துடைத்து,
முத்திரை குத்திய ஒரு கிலோ படிக்கல்லை
மேலே வைத்தேன்.
தொள்ளாயிரத்து அறுபது என்றது.
எடுத்து வைத்தேன்.
தொள்ளாயிரத்து அறுபது.
சிமெண்டுத் தரையில் வைத்தும் பார்த்தாச்சு,
மேசையில் வைத்தும் பார்த்தாச்சு.

"கிலோவுக்கு நாப்பது கிராம்
உனக்குல்ல லாபம், வச்சுக்கய்யா"
என்று சிரித்தார் பக்கத்து டயர்க்கடை காதர்மைதீன்.
ஒரு நிமிஷம்
வைத்துக்கொள்ளலாமா என்றுதான் இருந்தது.
இல்லையென்று சொன்னால் பொய்.

திருப்பி அனுப்பினேன்.
அதே சேவுகன், அதே பைக், அதே அட்டைப்பெட்டி.
ஒன்பதாம் நாள் வங்கியிலிருந்து செய்தி வந்தது:
ஆயிரத்து அறுநூற்று எண்பத்தொன்பது.

வந்த கூலி நூற்றிருபது வரவில்லை.
போன கூலி என்று அறுபதைப் பிடித்திருக்கிறார்கள்.
தராசும் குறைவாய் நிறுத்தது,
தராசுக்கான பணமும் குறைவாய் வந்தது.
"இதுல எனக்கு எவ்வளவு வரும்னு நினைக்கிறீங்க?"
என்றான் சேவுகன்.
"போக பதினொண்ணு, வர பதினொண்ணு.
பெட்ரோல் என்னுது."

உதவி எண்ணில் ஒரு பெண்குரல்
என் திருப்தியே அவர்கள் மகிழ்ச்சி என்றது.
மகிழ்ச்சி இருக்கட்டும், நூற்றெண்பது எங்கே என்றேன்.
கொள்கைப்படி கூலி திரும்பாது என்றது.
அம்மா, அளவு பிடிக்கவில்லை
கலர் பிடிக்கவில்லை என்றா அனுப்பினேன்?
பழுதை அனுப்பியவர் நீங்கள்,
பழுது ஏறி இறங்கிய வண்டிக்கு
நான் ஏன் சத்தம் கொடுக்கணும்?
லைனில் ஏதோ பாட்டுப் போட்டார்கள்.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நுகர்வோர் புகாருக்கு உட்கார்ந்தேன்.
பெயர்: இரா. இருளப்பன்.
புகார்: நான் செய்யாத தவறுக்கு
என்னிடம் வண்டிச் சத்தம்

அந்த வார்த்தையில் விரல் நின்றது.

கண்டனூர் உமையாள் டீச்சர்.
போன மாசம் பீரோ எடுக்கக் கூப்பிட்டார்.
போட்டோ பார்த்து விலை சொன்னவன் நான்.
குட்டியானையோடு போய்
பின்பக்கத் துருவைப் பார்த்து வேண்டாம் என்றவனும் நான்.
"வந்ததுக்கு வண்டிச் சத்தம் நூத்தம்பது"
என்று கையை நீட்டியவன்?
டீச்சர் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.
ஒரு வார்த்தை பேசவில்லை.

புகாரை முடித்து அனுப்பினேன்.
அது வேற கணக்கு, இது வேற கணக்கு.
காலையில் நூற்றைம்பதை
சட்டைப்பையில் மடித்துக்கொண்டு கிளம்பினேன்.

டீச்சர் வாங்கி எண்ணினார்.
மூன்று ஐம்பது தாளை
மூன்று தடவை எண்ணினார்.
நன்றி, பெருமை ஒன்றும் கிடையாது.
"இது சரி. பீரோ?
ஒரு மாசமா நடையை அடைச்சு நிக்குது.
வெளியே இழுத்துப் போடச் சொன்னது நீங்கதானே?"

வண்டியை வரச் சொன்னேன்.
துருவோடு சேர்த்து எடைக்கே எடுத்துக்கொள்வதாய் ஏற்பாடு,
பழைய முள்தராசில், அவர் கண்ணுக்கு முன்னால்.
நாற்பத்தொன்றரை கிலோ.
அரையை விடவில்லை டீச்சர்.

தலைப்பக்கம் டிரைவர், கால்பக்கம் நான்.
நிலைப்படியில் சாய்த்துத் தூக்கும்போது
பையில் போன் அதிர்ந்தது.
"என்ன மெசேஜ், பாருங்க" என்றார் டீச்சர்,
அவரே கையைவிட்டு எடுத்து, படித்துக் காட்டினார்:
உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது.

"எவ்வளவு வரணும்?"

நூத்தெண்பது டீச்சர்,
என்றேன் பீரோவுக்கு அடியிலிருந்து.

"விடாதீங்க" என்றார்.
பீரோவைச் சொன்னாரா என்று தெரியவில்லை.