ஐம்பத்தெட்டு கிலோ மௌனம்

மாடிப்படி பதினேழு.
கடைக்காரர் அஸ்பியோர்ன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
நடுவில் பிணமாய்க் கனக்கிற பெட்டி.
வெளியே மழை. பெர்கனில் அதை எழுதுவது வீண்,
எழுதிவிட்டேன்.
"ஒரு வாரம். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வேன்.
கீறல் விழுந்தால் உங்கள் படகு எனக்கு."
விலையும் ஏறக்குறைய அதுதான்:
என் படகு, எஞ்சினோடு சேர்த்து.

வால்வு இல்லை, அதன் செந்தணல் இல்லை.
இரு விலாவிலும் கறுப்பு அலுமினியச் செதில்கள்,
கை வைத்தால் அறுக்கும்.
முகத்தில் ஒரே ஒரு நீலப் பொட்டு வெளிச்சம்.
அதற்கும் கூட்வெய்க் ஒரு கைக்குட்டையைப் போர்த்தினாள்:
"கட்டில் வரைக்கும் வருகிறது."

முதல் நாள் எதுவும் பிடிக்கவில்லை.
சவரம் செய்துவிட்டு வந்த மாதிரி வயலின்கள்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
சுத்தம். மிகச் சுத்தம். ஆஸ்பத்திரி.
அணைக்காமல் தூங்கப் போனேன்.
காலையில் அதன் முதுகில் பூனை.
இரவோடு இரவாக இரும்பு இளகியிருந்தது,
அல்லது நான்.

செவ்வாய், டபுள் பாஸ்.
என் அறையில் அது எப்போதும்
மூலையில் போட்ட ஈரத் துணியாய்த் தேங்கும்.
இன்று ஒவ்வொரு சுரமும் கால் ஊன்றி நின்றது,
முடிந்ததும் முடிந்தது.
சுவரில் மாட்டிய பீங்கான் தட்டு அசையவில்லை.
அதிர்ந்தது என் விலா.

புதன்கிழமை பக்கம் காலி.
சூப் ஆறிப்போனது மட்டும் நினைவிருக்கிறது.

வியாழனன்று அந்த டேப்பை எடுத்தேன்.
வோஸ் தேவாலயம், தொண்ணூற்றொன்று, பிப்ரவரி,
இரண்டு மைக்,
பியானோவும் மூன்று தந்தி வாத்தியமும்.
நால்வரும் பள்ளி ஆசிரியர்கள்.
பதிவு செய்தவன் நான்,
கேட்பவனும் அநேகமாக நான் ஒருவனே.
நூறு தடவை இருக்கும். இருநூறு.
மெதுவான பகுதியில், செலோ தனியே இறங்குமுன்
ஒன்றரை நொடி இடைவெளி.
அதை இத்தனை காலம் நிசப்தம் என்று அழைத்து வந்தேன்.

அதில் கூரையின் உயரம் இருந்தது.
ஹீட்டர் குழாயில் நீர் புரளும் ஓசை இருந்தது.
நரம்பைத் தொடுமுன் வில் தொட்ட காற்று.
அப்புறம், இடப்பக்கம், சற்றுப் பின்னால்,
யாரோ எதையோ விழுங்கினார்கள்.

நிறுத்தினேன். திருப்பினேன்.
விழுங்கல்தான்.

அடுக்களையிலிருந்து வந்தாள் கூட்வெய்க், கையெல்லாம் மாவு.
"நான்தான் அது. இருமல், முள் மாதிரி.
பக்கம் புரட்ட ஆளில்லை என்று என்னை நிறுத்தியிருந்தாயே.
நீ கதவிடுக்கில் ஹெட்போனோடு
யாரும் அசையாதீர்கள் என்று கையைத் தூக்கிக்கொண்டு.
எனக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது.
நீ பார்க்கவில்லை."

"சொல்லவே இல்லையே."

"பதிவு பிரமாதம் என்று குதித்தாய்.
அதற்கு மேல் என்ன சொல்ல?"

மறுபடி போட்டோம்.
இதுவரை அந்த மேடையில் அவள் இருந்ததில்லை.
இப்போது பியானோவுக்கு இடப்புறம்,
ஸ்பீக்கருக்கு இரண்டு முழம் பின்னால்,
புத்தக அலமாரி இருக்க வேண்டிய இடத்தில் நிற்கிறாள்,
முப்பது வயது, உதட்டைக் கடித்தபடி.
இங்கே என் தோளோரம்
மாவுக் கையைத் தூக்கிப் பிடித்து நிற்பவளும்
அதே ஒன்றரை நொடிக்கு
மூச்சை அடக்குகிறாள்.

திங்களன்று அஸ்பியோர்ன் கேட்டார், எப்படி என்று.
கீழ்ஸ்தாயியில் நல்ல பிடி,
சூடேற ஒரு நாள் ஆகிறது,
விலை அநியாயம் என்றேன்.
பதினேழு படியும் இறக்கிக் கொடுத்தேன்.

வெற்றுப் பலகையில் உட்கார்ந்து பூனை என்னை முறைக்கிறது.
பழைய ஆம்ப்ளிஃபயரில் அதே டேப்.
அந்த இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்காத இடத்தில், சரியாக,
என் தொண்டை எதையோ விழுங்குகிறது.
அடுக்களையில் கூட்வெய்க் இருமுகிறாள்,
தாராளமாக, சத்தமாக.